பெட்டிக்கார ஐயா போன பிறகு: ஏற்காட்டுச் சபை ஒன்றில் பதினோரு மாதங்கள்

எங்கள் சபையின் ஆர்கனிஸ்ட் ஒரு ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 74. மறுநாளே அடக்கம். அங்கே வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பை எழுதும் வேலையை ஆயர் என்னிடம் கொடுத்தார். நான் கொயரில், அதாவது சபையின் பாடகர் குழுவில், டெனர் என்ற ஆண்களின் மேல் குரல் பாடுகிறவன். 19 வருடம் அவருடைய ஆர்மோனியத்துக்கு இடப்பக்கம் நின்றவன். அவரைப் பற்றி எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பிறந்த ஊர், ஞானஸ்நானம், திடப்படுத்தல், எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிய வருடங்கள், திருமணம், பிள்ளைகள், கமிட்டியில் வகித்த பொறுப்புகள், 46 வருட இசை ஊழியம், கடைசியில் ஒரு வசனம். மறுநாள் வாசித்தபோது கோயிலில் பாதிப் பேர் அழுதார்கள்.

அந்தக் குறிப்பில் தப்பான தகவல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அடுத்த பதினோரு மாதத்தில் அந்த மனிதரைப் பற்றி நாங்கள் தெரிந்துகொண்ட எதுவும் அதில் இல்லை. எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுவில் நடந்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன். இப்படி ஒருவர் இருக்கிற சபைகள் இன்னும் நிறைய உண்டு. அவர் உயிரோடு இருக்கும்போதே யாராவது இதைப் படித்தால் நல்லது.

இடமும் ஆளும்

சேலத்தில் லண்டன் மிஷன் வேலை தொடங்கியது 1827இல். அதே காலத்தில்தான், காக்பர்ன் என்பவர் சேலம் கலெக்டராக இருந்த 1820களில், சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது. எங்கள் சபை இந்த இரண்டும் சந்தித்த இடத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஓர் எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள்.

கோயிலில் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயன் வீடுகளில் அவருக்கு வேறு பெயர்: பெட்டிக்கார ஐயா. ஆர்மோனியப் பெட்டியை வைத்து வந்த பெயர்தான். எங்கள் கோயிலில் இருப்பது காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியம். யார் காலத்தில் மலைக்கு வந்தது என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மாட்டு வண்டியில் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அவரைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோபக்காரர். பெட்டியைத் தொட யாரையும் விட மாட்டார். வாசிக்கப் பழக ஆசையோடு வந்த இரண்டு பையன்கள் அவருடைய திட்டு தாங்காமல் நின்றுபோனார்கள். அதில் ஒருவன் இப்போது வெளியூரில் ஒரு பெரிய சபையில் கீபோர்டு வாசிக்கிறான். எல்லாவற்றையும் தானே செய்வது என்பது அவருடைய குணம். அது எங்களுக்கும் வசதியாக இருந்தது. பின்னால் வந்த சிக்கலுக்கெல்லாம் வேர் இந்த இரண்டும்தான்.

ஜூலை: என்ன செய்வது என்று கூடிய கூட்டம்

அடக்கம் முடிந்து நாலாவது வாரம் கமிட்டி கூடியது. மூன்று யோசனைகள் வந்தன. கோயில் சுவரில் சலவைக்கல் பதிப்பது. கொயர் அறையில் படம் மாட்டுவது. அவர் பெயரில் வருடா வருடம் பாட்டுப் போட்டி நடத்துவது. கல்லுக்கு அன்றைக்கே காணிக்கை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குடும்பம் அவர் நினைவாகப் புதுக் கீபோர்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தது. நல்ல தரமான கீபோர்டு; அந்தக் குடும்பத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

மாஸ்டரின் மனைவியை அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நல்ல மனதோடு விட்டதுதான். ஆனால் அன்றைக்கு அவரைக் கேட்டிருந்தால் இந்தப் பதினோரு மாதக் கதை இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும்.

அக்டோபர்: பெட்டி ஊமையானது

அதே ஜூலையில் கோயிலில் மின்சார வேலை நடந்தது. பழைய குண்டு பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு எல்இடி போட்டார்கள். கரண்ட் பில் குறைந்தது. ஆர்மோனியத்தின் பின்பலகைக்குள்ளும் ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பு தொங்கியது. ரிப்பேர் பார்க்க வெளிச்சம் வேண்டுமென்று மாஸ்டர் மாட்டியிருப்பார் என்று நினைத்து அதையும் மாற்றினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இந்த மலையில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஆகஸ்டு, செப்டம்பரில் மூடுபனி ஜன்னல் வழியாகக் கோயிலுக்குள்ளேயே வந்து நிற்கும். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, கீர்த்தனைக்குப் பழைய பெட்டியையே வாசிக்கலாம் என்று மூடியைத் திறந்தால் நடுக்கட்டைகள் ஒன்பது அழுந்தியபடியே நின்றுவிட்டன. மிதித்தால் காற்று சீறியது, ஸ்வரம் வரவில்லை. துருத்தித் தோலில் பச்சையாகப் பூஞ்சை.

அன்று சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியை நாங்கள் அம்மா என்போம். அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி இதுதான்: “அந்தப் பல்ப ஏன் தம்பி மாத்துனீங்க? அது வெளிச்சத்துக்கு இல்ல, சூட்டுக்கு.”

குண்டு பல்பு தின்னும் கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வருகிறது. பல்பாக அது ஒரு குறை. மூடிய மரப்பெட்டிக்குள் அந்தக் குறையே மருந்து. உள்ளே காற்று கொஞ்சம் கதகதப்பாக இருந்தால் மரம் ஊதாது, தோலில் பூஞ்சை பிடிக்காது, பித்தளை ரீடுகளில் களிம்பு ஏறாது. மழைக்காலம் முழுக்க, சனிக்கிழமை சாயங்காலம் போட்டு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அணைப்பது வழக்கமாம். போட்டதும் அணைத்ததும் மாஸ்டர் இல்லை, அம்மா. கோயிலைப் பெருக்க வந்தவர் என்றுதான் அவரை நாங்கள் நினைத்திருந்தோம். என்னுடைய வாழ்க்கைக் குறிப்பில் அவருக்கு ஒரே ஒரு வரி இருந்தது: இன்னாரை மணந்து இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றார் என்று.

செக்ரோல் நோட்டுகள்

எழுந்திருக்கும்போது அம்மா ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே நான்கு நீளமான நோட்டுகள். எஸ்டேட்டில் ஆள் வருகை எழுதும் செக்ரோல் புத்தகங்கள், எழுதாமல் மீந்தவை. முன்னாலிருந்து பிரித்தால் பாட்டு. தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து பிரித்தால் ஆட்கள்.

பாட்டுப் பக்கம் முழுக்க டானிக் சோல்ஃபாவில் எழுதியிருந்தது. சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கி, ஜான் கர்வன் என்ற போதகர் 1840களிலிருந்து இங்கிலாந்தில் பரப்பிய முறை அது. ஐந்து கோடும் முட்டைப் புள்ளியும் தேவையில்லை; எழுத்துகள், புள்ளிகள், சிறு கோடுகள் போதும். டோ என்ற முதல் ஸ்வரத்தை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் மற்ற ஸ்வரங்கள் அமையும். நம் சட்ஜமமும் அப்படித்தான், பாடுகிறவர் குரலுக்கு ஏற்ற இடத்தில் உட்காரும். பள்ளிக்கூடம் பார்க்காத எஸ்டேட் பெண்களுக்கு ஆல்டோ என்ற பெண்களின் கீழ்க் குரல் பாடச் சொல்லித்தர அவருக்கு முடிந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் என்னை உட்கார வைத்தது ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள். எங்கள் ஞானப்பாட்டுப் புத்தகமான பாமாலையின் பாட்டு எண்ணுக்குப் பக்கத்தில் இப்படி: “அச்சில் 3 கட்டை. காலை 2. மழை நாள் ஒன்றரை. அடக்கத்துக்கு 1.” ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, மூன்று என்றால் ஈ. புத்தகத்தில் அச்சடித்த சுருதியில் அவர் எந்த ஞானப்பாட்டையும் காலை ஆராதனைக்கு வாசித்ததே இல்லை. குளிரில் நடந்து வந்து உட்கார்ந்த தொண்டைக்கு மேல் ஸ்வரம் எட்டாது என்று இறக்கியே வாசித்திருக்கிறார். துக்க வீட்டில் இன்னும் இறக்கியிருக்கிறார், ஏனென்றால் அழுகிறவர்களும் பாட வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு வேறொன்று புரிந்தது. ஜூலையிலிருந்து சபையில் பாட்டுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கீபோர்டு வாசித்த தம்பி திறமைசாலி, சேலத்தில் முறையாகப் படித்தவன். அச்சில் இருந்தபடி ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசித்தான். ஜனங்களுக்கு இப்போது பாட ஆர்வமில்லை, பக்தி குறைந்துவிட்டது என்று ஆயர் இரண்டு ஞாயிறு பிரசங்கத்திலேயே வருத்தப்பட்டார். நாங்களும் ஆமோதித்தோம். பக்தி குறையவில்லை. சுருதிதான் ஏறியிருந்தது.

கீர்த்தனைகளுக்கு வேறு மாதிரி குறிப்பு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நம்மிடம் வரும் கீர்த்தனைகளுக்கு ராகமும் தாளமும் உண்டு; ஆனந்தபைரவியில் ஒரு பிடியை ஆர்மோனியக் கட்டையால் அசைக்க முடியாது. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் ஆர்மோனியத்துக்கு வராது என்பது அதன்மேல் இருந்த பெரிய குற்றச்சாட்டு. ஆல் இந்தியா ரேடியோ 1940இல் அதை ஒதுக்கியே வைத்தது. 1971இல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. மாஸ்டர் அந்த வாதத்துக்கெல்லாம் போகவில்லை. அசைவு வரும் இடங்களில் வரிக்கு மேலே சின்ன வட்டம் போட்டு “கை எடு” என்று எழுதியிருந்தார். அந்த இடத்தில் பெட்டியை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் போகவிடுவார். 19 வருடம் பக்கத்தில் நின்று பாடியும், அவர் மூச்சு வாங்குகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நோட்டின் மறுபக்கம்

பின்பக்கங்களில் இருந்ததை விவரமாக எழுத மாட்டேன். அதில் இருப்பவர்கள் பலர் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள், அது அவர்களுடைய சொந்த விஷயம். மொத்தத்தில் யாருக்கு என்ன ரத்த வகை, யாரை என்றைக்குச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், எந்தப் பிள்ளைக்கு ஹாஸ்டல் பணம் பாக்கி, எந்த வீட்டு முதியோர் உதவித்தொகை மனு தாலுகா ஆபீசில் எந்த நிலையில் இருக்கிறது, இப்படிப் பக்கம் பக்கமாக. எங்கள் சபையார் என்றோ வேறு சபையார் என்றோ, சாமி கும்பிடுகிறவர்கள் என்றோ தனித்தனி வரிசை எதுவும் இல்லை.

நவம்பர் என்று தலைப்புப் போட்டு ஒரு பட்டியல் இருந்தது. பி.எஃப். பென்ஷன் வாங்கும் பழைய எஸ்டேட் ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். பெரும்பாலும் நவம்பரில் கொடுப்பார்கள். அந்தப் பென்ஷனுக்குக் குறைந்தபட்சத் தொகை 2014இலிருந்து மாதம் 1,000 ரூபாய். வெளியிலிருந்து பார்த்தால் சின்னத் தொகைதான். லயன் வீட்டில் தனியாக இருக்கும் கிழவிக்கு அது அரிசி, மாத்திரை, காப்பித்தூள். சான்றுக்கு விரல் ரேகை வைக்க வேண்டும். நாற்பது வருடம் காப்பிப் பழம் பறித்து, கிளை கவாத்து செய்த கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும், மெஷின் ஏற்காது. பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே “விரல் பதியாது, மத்தியானம் வெயில் வந்த பிறகு கூட்டிப் போ” என்று இருந்தது.

நான் இந்தப் பட்டியலைப் பார்த்தது அக்டோபர் கடைசியில். பார்த்தேன், மனம் நெகிழ்ந்தேன், நோட்டை ஜாக்கிரதையாகப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். இந்தப் பதினோரு மாதத்தில் நடந்த மிகப் பெரிய தப்பு இதுதான், அது என்னுடையது. அந்தப் பக்கங்களை நான் ஒரு நினைவுப் பொருளாகப் பார்த்தேன். அது வேலைப் பட்டியல் என்று எனக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து கதவருகே ஒரு வயதான அம்மா நின்றார். எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை. “பெட்டிக்கார ஐயா இல்லைங்களா?” என்று கேட்டார். அவர் இறந்த செய்தியே அந்த அம்மாவுக்கு வந்து சேரவில்லை. ஜனவரியிலிருந்து பணம் வரவில்லையாம். ஐயா வருவார் என்று நவம்பர் முழுக்கக் காத்திருந்திருக்கிறார், வழக்கமாக அவரே வந்து கூட்டிப்போவார் என்பதால். அந்த அம்மாவின் பெயர் பட்டியலில் ஆறாவது. விசாரித்ததில் இன்னும் இரண்டு பேருக்கும் அதேபோல நின்றிருந்தது.

மறுநாளே மூவரையும் கூட்டிப் போனோம். நிலுவையோடு பணம் வந்துவிட்டது. ஆனால் நடுவில் அந்த அம்மா அடுத்த வீட்டில் கடன் வாங்கி மாத்திரை வாங்கியிருக்கிறார். ஒரு மாதம் மாத்திரையே வாங்கவில்லை.

கல்லுக்குச் சேர்த்த பணம்

மார்ச் மாதக் கமிட்டியில் நான் இதை அப்படியே சொன்னேன். இந்த முறை மாஸ்டரின் மனைவியும் வந்திருந்தார். விவாதம் சுமுகமாக நடக்கவில்லை. கல்லுக்கென்று கொடுத்த காணிக்கையை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று சிலர் உறுதியாக நின்றார்கள். அதில் நியாயம் உண்டு, கொடுத்தவர்களைக் கேட்காமல் மாற்றக் கூடாதுதான். கடைசியில் அம்மாவிடமே கேட்டார்கள். கல்லறையில் பெயரும் தேதியும் போட்ட சின்னக் கல் போதும் என்றார். அப்புறம் அவர் சொன்னது: “சம்பளம் பத்தலன்னு அவரு ஒரு நாளும் சொல்லல. நீங்களும் கேக்கல. நான் பால் ஊத்தி வீட்ட ஓட்டுனேன். அத நான் கொறையா சொல்லல தம்பி, இனிமே வாசிக்கிற புள்ளைக்காவது பாத்துக் குடுங்க.”

சபை அவருக்கு மாதாமாதம் கொடுத்த தொகை சேலத்துக்குப் போய்வரும் பஸ் செலவுக்கே பத்தாது. கணக்குப் புத்தகம் எங்களிடம்தான் இருந்தது. 46 வருடத்தில் அந்த வரியைப் பார்த்து யாரும் நிறுத்தி யோசித்ததில்லை. என்னைக் கேட்டால், ஊழியம் என்ற நல்ல சொல்லை வைத்து நாம் பலருடைய கூலியை மறந்துவிடுகிறோம்.

காணிக்கை கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பேராகப் போய்க் கேட்டோம். ஒருவர் மட்டும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் சம்மதித்தார்கள். சின்னக் கல் போட்டது போக மீதியில் ஆர்மோனியத்தைப் பழுது பார்த்தோம். சேலத்திலிருந்து வந்த ரிப்பேர்காரர் துருத்திக்குப் புதுத் தோல் போட்டு, ரீடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தார். பல்பு இருந்த ஹோல்டரைப் பார்த்ததும், “இத வெச்சவருக்கு விஷயம் தெரியும்” என்றார். கீபோர்டு தம்பிக்கு மாத ஊதியம் சரியாக நிர்ணயித்தோம். அதைக் காணிக்கைப் பணத்திலிருந்து எடுக்கவில்லை, சபைப் பட்ஜெட்டிலேயே சேர்த்தோம்.

சுருதிப் பிரச்சினை தீர்ந்ததுதான் எல்லாவற்றிலும் சுலபம். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தானே இருக்கிறது. மாஸ்டரின் பென்சில் குறிப்புகளைப் பாமாலை எண் வரிசையில் தட்டச்சு செய்து தம்பியிடம் கொடுத்தோம். அடுத்த ஞாயிறே பின் பெஞ்சுகளிலிருந்து பாட்டு எழுந்தது. மழை நாளில் எவ்வளவு இறக்குவது என்பதை அவனே இப்போது வாசலில் வருகிறவர்களின் குரலைக் கேட்டு முடிவு செய்கிறான்.

நோட்டின் பின்பக்கத்து வேலைகளை நான்கு பேர் பிரித்துக்கொண்டோம். அந்தப் பக்கங்களை நகல் எடுக்கவில்லை. தேவையான வரிகளை மட்டும், அந்தந்த வீட்டாரிடம் கேட்டு, புது நோட்டில் எழுதினோம். ஆயுள் சான்றுக்கு விரல் ரேகை இல்லாமல் போனில் முகத்தைப் படம் பிடித்தே பதியும் வசதி 2021இல் வந்துவிட்டது. வாலிபர் சங்கத்தில் இரண்டு பெண்கள் அதைப் பழகிக்கொண்டார்கள். இனி நவம்பரில் லயன் லயனாக அவர்களே போவதாக ஏற்பாடு.

நடக்காதவையும் உண்டு. ரத்த வகைப் பட்டியல் பழசாகிவிட்டது, புதுப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது இன்னும் சரியாக அமையவில்லை. அவசரத்துக்கு 108 வந்துவிடும். ஆனால் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்து வீட்டில் புரியும்படி சொல்ல ஒரு நாள் முழுக்கக் கூட இருக்கிற ஆள் வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு யார் போவது? இதற்கு என்னிடம் பதில் இல்லை. சனிக்கிழமை சோல்ஃபா வகுப்புக்கு முதலில் ஏழு பிள்ளைகள் வந்தார்கள், இப்போது மூன்று பேர். அம்மாதான் சொல்லித்தருகிறார். அவருக்கு சோல்ஃபா தெரியும் என்பதும் எங்களுக்குப் புதுச் செய்தி.

மே: இரண்டாவது வாழ்க்கைக் குறிப்பு

முதலாண்டு நினைவு நன்றி ஆராதனையை மே கடைசி ஞாயிறிலேயே வைத்தோம். ஜூனில் மழை பிடித்துவிட்டால் தூரத்து எஸ்டேட் ஆட்கள் வர முடியாது. வாழ்க்கைக் குறிப்பை மறுபடி எழுதினேன். ஒருவனாக எழுதவில்லை. மூன்று வாரம் வீடு வீடாகப் போய், “ஐயா உங்களுக்கு என்ன செய்தார்?” என்று கேட்காமல், “ஐயா போன பிறகு உங்கள் வீட்டில் எது நின்றுபோனது?” என்று கேட்டேன். முதல் கேள்விக்கு எல்லோரும் நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் விவரம் வந்தது.

இந்த முறை குறிப்பு அம்மாவின் பெயரோடு தொடங்கியது. பல்பு இருந்தது. சுருதி இருந்தது. அவருடைய கோபமும் இருந்தது. அந்த இடம் வந்தபோது திட்டு வாங்கிய கொயர் முழுக்கச் சிரித்தது, அம்மாவும் சிரித்தார். திட்டுக்குப் பயந்து நின்றுபோன அந்தப் பையன் லீவு போட்டு வந்திருந்தான். மாஸ்டருக்குப் பிடித்த ஆனந்தபைரவிக் கீர்த்தனையைப் பழைய பெட்டியில் வாசித்தான். வட்டம் போட்ட இடங்களில் கையை எடுத்தான்.

அந்த மூன்று பேருக்கும் பென்ஷன் இப்போது ஒழுங்காக வருகிறது. கதவருகே நின்ற அந்த அம்மாவும் ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் போய், பின்பலகையின் இடுக்கு வழியாகத் தெரிந்த மஞ்சள் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு பல்பு இப்போதெல்லாம் எங்கள் கடைத்தெருவில் கிடைப்பதில்லை. சேலத்திலிருந்து ஆறு வாங்கி வைத்திருக்கிறோம். அதில் இரண்டு தீர்ந்துவிட்டது. ஜூன், ஜூலை சனிக்கிழமைகள் என் முறை.